ஒன்பது சைக்கிள், ஒரே பூட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் காலத்துத் தாராவி எப்படி இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஒரே குழாயில் இருபது வீடு தண்ணீர் பிடித்தோம், ஒரு சண்டை வந்ததில்லை என்கிறீர்கள். சண்டை வந்தது. குழாயடியில் எங்கம்மாவின் மண்டையைப் பித்தளைக் குடத்தால் உடைத்தார்கள். மூன்று தையல். நான் கூடவே போய் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் செம்பூரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் சைக்கிள் கிளப் பேச்சை எடுத்தார். என்னைக் காட்டி, "இந்தம்மாதான் அன்னைக்கு எல்லாச் சைக்கிளையும் கடல்ல வுட்டது" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்துத் தொலைத்தேன். அறுபது வருஷமாக இப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு எழுத்து வேலையெல்லாம் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் அப்போது சின்னப் பிள்ளைகள், அல்லது வேறு சந்தில் இருந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்தது கேப்டன் சொன்ன கதை மட்டும்.

கேப்டன் என்றால் என் பெரியப்பா. சயானில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். கிளப்பில் மொத்தம் ஒன்பது ஆண்கள். எல்லாரும் நம் திருநெல்வேலிப் பக்கம்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது மிதித்துப் போவார்கள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, வெள்ளைத் தொப்பி, முதல் சைக்கிளில் ஒரு முக்கோணக் கொடி. பெரியப்பா கழுத்தில் விசில் தொங்கும். ஒரு தடவை ஊதினால் நில். ரெண்டு தடவை ஊதினால் ஒற்றை வரிசை. மூன்று தடவை ஊதினால் பஞ்சர். அவரை முந்திக்கொண்டு யாரும் போகக் கூடாது. பட்டறையில் முதலாளி அவரை 'ஏய்' என்று கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் எட்டுப் பேரை விசிலால் நிற்க வைப்பார். அதற்காகத்தான் கிளப் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கப்பாவுக்குச் சொந்தச் சைக்கிள் கிடையாது. அவர் மாதுங்காவில் ஒரு காபித்தூள் கடையில் சப்ளை வேலை பார்த்தார். அரைத்த தூளைப் பொட்டலம் கட்டி மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. கடைச் சைக்கிள். நடுச்சட்டத்தில் கடையின் பேர் எழுதின தகடு திருகியிருக்கும். கேரியரில் தகரப் பெட்டி. அந்தச் சைக்கிள் தெருவில் வந்தாலே காபி மணக்கும். மத்தியானம் சாப்பிட அதில் வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான். ராத்திரி அது கடைக்குள்தான் நிற்க வேண்டும். கடை அண்ணாச்சி கெட்டவர் இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். அப்பாவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஆள் பெண்டாட்டியைக் கேரியரில் உட்கார வைத்து சினிமாவுக்குப் போனான். அண்ணாச்சி தாதரில் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் அவனுக்கு வேலை இல்லை. அந்த வேலைதான் அப்பாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் எட்டு மாதம் அவர் சும்மா இருந்தார். அந்த எட்டு மாதம் எங்கள் வீட்டில் எப்படிப் போயிற்று என்று நான் எழுதப் போவதில்லை.

ஆகவே கிளப் போகும் ஞாயிறுகளில் அப்பா வாடகைச் சைக்கிள் எடுப்பார். அது பல்லிளித்துக்கொண்டு வரும். வழியில் இரண்டு தடவை செயின் கழன்றுவிடும். கேப்டன் மூன்று விசில் ஊதி, "ஏல, நீ கிளப்புக்குப் பாரம்டே" என்பார், எல்லார் முன்னாலும். சொந்தத் தம்பியை.

அந்த மாதம் மழை விட்டுக் குளிர் தொடங்கியிருந்தது. மார்வே கடற்கரைக்குப் போவதாக முடிவு. அந்தச் சனிக்கிழமை பார்த்து அண்ணாச்சி அம்பர்நாத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். திங்கள் ராத்திரிதான் வருவார். கடைச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். நம்பித்தான் கொடுத்தார். அப்பா சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, கடைச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து பேர்த் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். தகடு இருந்த இடத்தில் சட்டம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. அதன்மேல் கொஞ்சம் எண்ணெயும் புழுதியும் தேய்த்தார்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "இது எதுக்கு ஒங்களுக்கு? ஒரு நா வாடக வண்டில போனா கொறஞ்சா போயிருவிய?"

"அண்ணன் எல்லார் முன்னாலயும் ஏசுதாரு. நான் என்ன சின்னப் புள்ளையா?"

"வேல போச்சுன்னா அண்ணனா சோறு போடுவாரு?"

அப்பா கழற்றின தகட்டை ஒரு துணியில் சுற்றினார். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "அப்பம் இவளயும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

எனக்குப் பதினோரு வயது. கடல் காட்ட என்னை அனுப்புகிறாள் என்று நினைத்தேன். காலையில் தலை வாரி விடும்போதுதான் காதில் சொன்னாள். "அங்கன பனங்காடு இருக்காம். கள்ளு எறக்குதாங்களாம். உங்கப்பன் எங்க போறாரு, என்னத்த குடிக்காருன்னு பாத்துட்டு வந்து சொல்லு." அப்போது பம்பாயில் குடி தடை. போலீஸ் பிடித்தால் உள்ளே தள்ளுவார்கள். அம்மாவுக்குப் போலீஸ் பயம் ஒரு பக்கம். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது அப்பா என்ன குடித்தார், எங்கே விழுந்து கிடந்தார் என்பது இன்னொரு பக்கம். என்னைப் போட்டது காவலுக்கு. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்தார் அப்பா. கிளப்பில் எல்லாருக்கும் இளையவர் ஒருவர் இருந்தார். லேத் ஓட்டுகிறவர். கல்யாணமாகாதவர். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி, சி.ஐ.டி. வேலையா? உங்கம்மா டிப்பார்ட்மெண்டா?"

"சும்மா கெடங்க" என்றேன்.

"பாரு, கேஸு எழுதிட்டா எம்மேல!"

எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "கிளப்புல பொட்டப் புள்ளைக எதுக்குடே?" என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். "பரவால்லியே, இன்னைக்கு மனுசன் வண்டில வந்திருக்க." அப்பாவின் நெஞ்சு என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அது விரிந்ததை நான் உணர்ந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் வேலையைப் பணயம் வைத்தார்.

தாராவியில் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் மாஹிம் வரைக்கும் கூட வந்தது. பாந்திரா தாண்டியதும் போய்விட்டது. சாந்தாகுருஸில் ஒரு விமானம் தலைக்கு மேல் அவ்வளவு தாழ இறங்கியது, நான் குனிந்துகொண்டேன். அந்தேரியில் சாயா. ஜோகேஸ்வரியில் எருமைத் தொழுவங்கள். சாணியும் புளித்த தீவனமும் சேர்ந்த ஒரு சூடான வாடை ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. கோரேகாவ் தாண்டினால் அப்புறம் வயல்தான். அறுத்த நெல்லின் தாள் இரண்டு பக்கமும் நின்றது. இன்று அங்கே வயல் இருந்தது என்று சொன்னால் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். பார் என் தொடையை அறுத்தது. எப்படி உட்கார்ந்தாலும் வலி. இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது, நிற்கவும் கூடாது, போய்ச் சேரவும் வேண்டும் போல இருந்தது. என் கை ஹேண்டிலில் அப்பாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் திருப்பும்போதெல்லாம் நானும் திருப்பினேன். அவருக்கு அது தெரியவில்லை.

மலாடில் இடது பக்கம் திரும்பினோம். உப்பு வாடை வந்தது. மூங்கில் கட்டி அதில் வரிசையாக பொம்பில் மீனைக் காயப் போட்டிருந்தார்கள். பனை மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கலயம். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு விசில் தேவைப்படவில்லை.

கடல் வெகு தூரத்தில் இருந்தது. கரையிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். நடுவில் பரந்த ஈர மணல், சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே காய்ந்த மணலில் ஸ்டாண்டு போட்டால் புதைந்து சைக்கிள் சாய்ந்தது. "கீழ கொண்டு போங்கடே, அங்கன கெட்டியா இருக்கு" என்றார் கேப்டன். ஒன்பது சைக்கிளையும் ஈர மணலில் நடுவாந்திரத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள்.

இதற்கு மேல்தான் சங்கிலி. முன்னால் ஒரு தடவை தாணே போனபோது ஒரு கோயில் வாசலில் ஒருவரின் சைக்கிள் காணாமல் போய்விட்டது. அதிலிருந்து கேப்டன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த நீளமான இரும்புச் சங்கிலியை எல்லாச் சைக்கிளின் சட்டத்துக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் கோத்து, கடைசியில் ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைப் போடுவார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். ஒருவன் திருட வேண்டுமென்றால் ஒன்பதையும் சேர்த்துத்தான் திருட வேண்டும். இதைச் சொல்லி அவரே சிரித்துக்கொள்வார்.

பூட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு கோலிப் பெண் வந்தாள். மீன்காரி. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள், கூடை இடுப்பில். எட்டத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "அரே பாபா, பர்தி யேத்தேய்!"

எங்கள் சந்தில் ரெண்டு மராட்டி வீடு. எனக்கு அந்தப் பாஷை நன்றாகத் தெரியும். பர்தி என்றால் கடல் ஏறுவது.

"பெரியப்பா, கடல் ஏறி வருதாம். சைக்கிள மேல எடுக்கச் சொல்லுதாங்க."

அவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ மீன் காயப் போடுத எடமா இருக்கும். மதராஸின்னு பாத்து வெரட்டுதா."

"இல்ல பெரியப்பா, தண்ணி இங்கன வரைக்கும்..."

"ஏட்டி, நான் பொறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். எனக்குக் கடலு சொல்லித் தாரியா? அந்தா கெடக்குல்லா, அது அங்கனதான் கெடக்கும். அல அடிக்கும், போகும். எந்திரிச்சா வரும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. நம் ஊர்க் கடல் அப்படித்தான். ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கரையில் துணியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் சாயங்காலம் வரை துணி அங்கேயே இருக்கும். பம்பாய்க் கடல் வேறு ஜாதி. அந்த மணல் ஏன் அப்படி இறுகியிருந்தது? தண்ணீர் தினம் வந்து அமுக்கிவிட்டுப் போவதால்தான். இவர் பம்பாய் வந்து பதினைந்து வருஷம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கழியில் நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி இறங்கும். அதை அவர் சாக்கடை என்று நினைத்தார். சாக்கடை ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டார், ஏன் ஏறுகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கோலிப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கேப்டன் கையை வீசி, "சல் சல், ஜா" என்றார். அவள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் எல்லாரும் கால் நனைத்தார்கள். கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டார்கள். கேப்டன் ஒவ்வொருவருக்கும் கண்ணைக் காட்டினார். அப்பா என்னிடம் வந்து, கேப்டனின் விசிலை என் கழுத்தில் மாட்டினார். "இங்கனயே இரு, சைக்கிளப் பாத்துக்க. யாராவது கை வச்சா ஊது. நாங்க ஊருக்குள்ள போயி டீ குடிச்சிட்டு வந்துருதோம்."

"நானும் வாரேன்."

"சொன்னாக் கேளு."

அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்தேன். பனைப் பக்கம்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டியது அத்தனையும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சைக்கிளை விட்டுவிட்டுப் பின்னால் போக முடியாது. என்னை அங்கே நிறுத்தியது சைக்கிளுக்காகவா, என் கண்ணுக்காகவா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் மணலில் பள்ளமான இடங்களில் தண்ணீர் தேங்கியது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அலையே இல்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நான் விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினேன். பிறகு இரண்டு. பிறகு மூன்று. அதற்கு மேல் கணக்கில்லாமல் ஊதினேன். உதடு எரிந்தது. காற்று கரைப் பக்கமாகத்தான் அடித்தது. அவர்களுக்குக் கேட்டது. பிறகு அவர்களே சொன்னார்கள், கேட்டது, பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தோம் என்று.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தேன். அப்பாவுடையது மூன்றாவது. ஒன்றை அசைத்தால் ஒன்பதும் கலகலவென்றது. பூட்டைக் கல்லால் அடித்தேன். பனங்காட்டைப் பார்த்துக் கொஞ்ச தூரம் ஓடினேன். எந்த மரம், எந்தக் குடிசை என்று தெரியாது. திரும்பி ஓடிவந்தேன். அதற்குள் முதல் அலை வந்து அடித்தது. ஓரத்தில் நின்ற சைக்கிள் சாய்ந்தது. அது அடுத்ததைச் சாய்த்தது. சங்கிலி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு படுத்தது. தண்ணீருக்கு மேல் ஹேண்டில்கள் மட்டும் தெரிந்தன. காபித்தூள் பெட்டி மிதக்கப் பார்த்தது.

நான் அலறியதைக் கேட்டு அந்தக் கோலிப் பெண்தான் வந்தாள். வரும்போதே இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒரு கயிற்றைச் சங்கிலியின் நுனியில் கட்டினார்கள். கரையிலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். வலை இழுக்கிற மாதிரி, குரல் கொடுத்துக்கொண்டு, ஒன்பது சைக்கிளையும் சேர்த்து இழுத்தார்கள். கம்பிகள் ஒடிகிற சத்தம் கேட்டது. வேறு வழியில்லை. காய்ந்த மணலுக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு பெரிய இரும்புக் குப்பையாக இருந்தது. சக்கரங்களில் பாசி.

அப்போதுதான் கேப்டன் வந்தார். எல்லாரும் வந்தார்கள். கண் சிவந்து, வாயில் புளித்த வாடையோடு. கேப்டன் வளைந்த சக்கரத்தைப் பார்த்தார், அந்த ஆட்களைப் பார்த்தார்.

"சாலே லோக்! ஸ்போக்கெல்லாம் ஒடச்சிட்டானுவ!"

கோலிப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மராட்டியில் கேட்டாள். "உன் பொண்ணு அரை மணி நேரமா ஊதினா. காது எங்கே வச்சிருந்தே, கலயத்துக்குள்ளயா?" கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டனுக்குப் பாஷை புரியவில்லை, சிரிப்பு புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவளப் பாத்துக்கிடச் சொன்னோம். வெளையாடப் போயிட்டா." அங்கேயே, அந்த நிமிஷமே, அவர் கதையை முடிவு செய்துவிட்டார். நீங்கள் கேட்ட கதை அதுதான்.

கேப்டன் பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினார். அப்பா தன் சைக்கிள் முன்னால் உட்கார்ந்து பெடலைச் சுற்றினார். மணல் அரைபடும் சத்தம் வந்தது.

கோலிப் பெண் மேட்டில் ஒரு கிணற்றைக் காட்டினாள். நல்ல தண்ணீர், இப்பவே ஊற்றிக் கழுவுங்கள், உப்பு நாளைக்குள் இரும்பைத் தின்றுவிடும் என்றாள். நான் அதையும் தமிழில் சொன்னேன். லேத் ஓட்டுகிறவர் உடனே தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் வாளியை அவரிடம் கொடுத்தாள். அப்பாவும் எழுந்தார்.

"எங்கடே போற?" என்றார் கேப்டன். "நம்மளப் பாத்துப் பல்லக் காட்டுதாளுவ, அவ கெணத்துல போயி நிக்கப் போறியா? துணிய வச்சுத் தொடச்சாப் போதும். கெளம்பு, வெயிலு ஏறுது."

அப்பா கிணற்றைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, கடச் சைக்கிளுப்பா. அண்ணாச்சி சைக்கிளு." அவர் என் கையை எடுத்துவிட்டுத் துண்டால் ஹேண்டிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

லேத்காரரின் சைக்கிள் பின்னால் பல வருஷம் ஓடியது. நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பாதி தூரம் தள்ளிக்கொண்டு, பாதி தூரம் மிதித்து வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமை காலையில் செயின் செம்மண் நிறத்தில் இருந்தது. அப்பா எண்ணெய் விட்டார். ஒடிந்த கம்பிகளை மாற்றினார். தகட்டைத் திருப்பி மாட்டினார். திங்கள் சாயங்காலம் பெடல் சுற்றினால் கறகறவென்று தெருவே திரும்பிப் பார்த்தது. ராத்திரி அண்ணாச்சி வந்துவிடுவார். காலையில் முதல் வேலையாகச் சைக்கிளைத்தான் பார்ப்பார்.

கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குத்தான் யோசனை தோன்றியது. "புள்ள எடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லு. மத்தியானம் நீ தூங்கும்போது மாஹிம் கடலுக்கு ஓட்டிட்டுப் போயி உள்ள வுட்டுட்டா. பொட்டப் புள்ள, அண்ணாச்சி என்ன செய்வாரு? ரெண்டு ஏச்சு ஏசுவாரு."

அம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கள்ளுக் கதையை நான் ஞாயிறு ராத்திரியே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் என் தலையைத் தடவினாள். "ஒரு வார்த்ததான? ஆமான்னு சொல்லிரு, என்ன? அப்பாக்கு வேல போச்சுன்னா நம்ம கெதி என்னாவும்?" எட்டு மாதம் எனக்கும் ஞாபகம் இருந்தது. சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை, போகிற வழியில் அப்பா ஈரானி ஹோட்டலில் எனக்கு பன்னும் சாயாவும் வாங்கிக் கொடுத்தார். அதுவரை அவர் என்னை ஹோட்டலுக்குக் கூட்டிப் போனதே இல்லை.

அண்ணாச்சி கடை வாசலில் சைக்கிளின் முன்னால் குனிந்து நின்றார். விரலால் செயினைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். அப்பா சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். அண்ணாச்சி முழுவதும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயா எடுத்துட்டுப் போன?"

"ஆமா."

"ஆரு கூட?"

"ஆரும் இல்ல. தனியாத்தான்."

அவர் என் உயரத்தைப் பார்த்தார், சைக்கிளின் உயரத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"எவங்கிட்டடே கத வுடுத? இந்தத் தண்டி வண்டிய இந்தப் புள்ள மாஹிம் வரைக்கும் மிதிச்சிச்சா?" என்னிடம் சைக்கிளைத் தள்ளினார். "ஏறு. ஓட்டிக் காட்டு பாப்பம்."

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். பக்கத்துப் பூக்கடைக்காரர் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார். அப்பாவின் முகம் சாம்பலாகப் போயிற்று. பெண் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்று எத்தனையோ தடவை என்னைத் துரத்தியவர் அவர். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அப்போது வீட்டிலும் யாருக்கும் தெரியாது. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் தூங்குவார். அந்த அரை மணி நேரம், மூன்று மாதமாக, நான் இதே சைக்கிளைக் கழிக்கரை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாருக்குக் கீழே காலை விட்டு கைஞ்சி போடுவது. கத்தரிக்கோல் மாதிரி கால் போகும், அதனால் பம்பாயில் அதற்கு அந்தப் பேர். முழங்காலில் இருந்த காயத்துக்கெல்லாம் குழாயடியில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தேன்.

"அண்ணாச்சி..." என்று அப்பா வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாரா, இன்னொரு பொய்க்காகத் திறந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் நான் காலை உள்ளே விட்டுத் தள்ளிவிட்டேன்.

கறகறவென்று சத்தம். பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சிக்கியது. அங்கே மட்டும் அழுத்தி மிதித்தேன். காய்கறி வண்டியை ஒதுக்கி, கோயில் முனை வரை போய், திரும்பி, ஒரு கையால் மணியடித்துக்கொண்டு வந்து அண்ணாச்சியின் காலடியில் நிறுத்தினேன். பூக்கடைக்காரர் கை தட்டினார்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிதாம்டே. எமகாதகியால்லா பெத்து வச்சிருக்க." அப்பாவிடம், "நல்ல செயினு ஒண்ணு மாட்டு, பேரிங்கையும் பாத்துரு. இனிமே இவ கண்ணுல படாம வை" என்றார். எனக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தார். அப்பாவின் வேலை தப்பித்தது. அவர் சாகும்வரை அந்தக் கடையில்தான் இருந்தார்.

என்னை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார் அண்ணாச்சி. ரயில் பாலம் வரை நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏதாவது சொல்வார் என்று இருந்தது. நல்லதாக ஒரு வார்த்தை. பாலத்தின் நடுவில் நின்றார்.

"எங்கன படிச்ச?"

சொன்னேன். மத்தியானம், மைதானம், மூன்று மாதம் எல்லாம்.

அடித்தார். கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று. கையிலிருந்த கடலை மிட்டாய் தண்டவாளத்தில் விழுந்தது. "எனக்குத் தெரியாம வண்டியத் தொடுவியா? பொட்டப் புள்ள, தெருத்தெருவா ஓட்டுவியா? இனித் தொட்டா கைய ஒடிச்சிருவேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். அப்பா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. பொய் சொன்னதற்காக இல்லை. அந்தப் பொய்யில் இருந்த ஒரே உண்மைக்காக.

நான் அழவில்லை. அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். "ஏட்டி, நில்லு" என்றார். நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். சைக்கிள் வாசலில் நின்றது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள். நான் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏறினேன். புதுச் செயின் போட்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் ஓடியது.